இரண்டு தண்டவாளத்தையும் தொட்டுக்கொண்டு

தண்டவாளத்துக்குக் கரன்ட் கொடுக்கிற கண்ட்ரோலரிலிருந்து வந்த ஒயர் இரண்டையும் கழற்றிக் கீழே போட்ட பிறகும் மீட்டரில் எண் அசைந்துகொண்டிருந்தது.

அவள் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். மீட்டரின் சிவப்பு முனையை ஒரு தண்டவாளத்திலும் கறுப்பு முனையை மற்றதிலும் வைத்து அழுத்தினால், இடையில் எதுவும் இல்லாதபோது திரையில் எண்ணே வரக் கூடாது, வெறும் கோடுதான் நிற்க வேண்டும் என்று சிக்னல் அண்ணன் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கை நடுங்குகிறது போலிருக்கிறது என்று முனைகளை எடுத்துத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். எண் வந்தது. கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது. தோட்டத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.

"எண் வருதுண்ணா."

"ஒயரைக் கழட்டிட்டீங்கல்ல?"

"கழட்டிட்டேன். கீழ கிடக்கு."

"எண்ணு நிக்குதா, ஆடுதா?"

"ஆடுது."

போனைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஜல்லியின்மேல் சாய்த்து வைத்து, சத்தத்தைக் கூட்டியிருந்தாள். சிக்னல் அண்ணன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. "ஈரம்மா. ஒரு நத்தையோ, ஊறின இலையோ, ரெண்டையும் ஏதோ தொட்டுக்கிட்டு இருக்கு. பிடிச்சிடலாம், பயப்படாதீங்க" என்றார்.

சிக்னல் அண்ணனுக்கும் ரயிலுக்கும் உத்தியோக சம்பந்தம் ஒன்றும் கிடையாது. அவள் கணவரின் சிநேகிதர், வங்கியில் காசாளராக இருந்தவர். வாயைத் திறப்பதற்கு முன் கையைத் தூக்கிவிடுவார் என்பதால் அவள் கணவர் அவருக்கு வைத்த பெயர் அது. முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வேறு ஊரில் மகள் வீட்டில் கால் நீட்டிக் கிடக்கிறார். இல்லாவிட்டால் இந்நேரம் முதல் வண்டி பிடித்து வந்திருப்பார்.

தோட்டத்துப் பொம்மை ரயில் அவள் கணவருடையது. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் கண்ணாடி அறுத்துத் தேய்த்துவிட்டு வந்து, மிச்சமிருக்கிற வெளிச்சத்தில் மண்ணை வெட்டி, ஜல்லி கொட்டி, விரல் தடிமன்கூட இல்லாத பித்தளைத் தண்டவாளத்தைச் சமையலறைப் படியிலிருந்து மதிலோரமாகவே ஓட்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, பின்பக்கத்து மண்மேட்டுக் குகைக்குள் நுழைத்து, மோட்டார் அறை வாசலில் கொண்டுபோய் முடித்திருந்தார். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் பொம்மை ரயிலா என்று அக்கம்பக்கம் சிரித்தது. அவளும் சிரித்தாள். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே "என் சக்களத்தி எப்படி இருக்கா?" என்று கேட்பாள். அவர் தலையைக்கூடத் தூக்காமல் கையை மட்டும் ஆட்டுவார்.

அவர் போன பிறகு அந்தச் சக்களத்தியை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று காலை சிக்னல் அண்ணன் விசாரிப்பதற்காக மறுபடி கூப்பிட்டபோதுதான் பேச்சுவாக்கில் கேட்டார்: "அந்தப் பச்சை எஞ்சினை உள்ள எடுத்து வெச்சிட்டீங்கல்லம்மா? அதுலதானே உங்களுக்காகக் குரல் பதிஞ்சு வெச்சான்?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அவள் கணவருக்குத் திக்குவாய். கடையில் வாடிக்கையாளரிடம் சைகையாலேயே சமாளித்துவிடுவார். போனில் குரல் செய்தி அனுப்பச் சொன்னால் எழுதித்தான் அனுப்புவார். யாராவது வீடியோ எடுத்தால் அவர் வாய் பூட்டிக்கொள்ளும். அதனால் அவர் முகம் வீட்டில் எல்லாச் சுவரிலும் இருந்தது, குரல் எங்கேயும் இல்லை. சில நாட்களாக ராத்திரி படுத்துக்கொண்டு அந்தக் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பாள். வார்த்தைகள் வரும், குரல் வராது. வார்த்தைகளை அவள் மனசே தன் சொந்தக் குரலில் வாசித்துக் காட்டும். அப்போதெல்லாம் தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவாள். ஒரு மனுஷனை இரண்டாம் முறை இழக்க முடியும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"என்ன சொல்லியிருக்கார்ண்ணா?"

"நான் சொன்னா என்னம்மா இருக்கு? அவன் வாயால கேளுங்க. ஒரு நாள் பூரா உக்காந்து பதிஞ்சோம். எஞ்சின் உள்ள ஒரு சின்ன எலக்ட்ரானிக் பலகை இருக்கு, அதுல இருக்கு குரல். தண்டவாளத்துல கரன்ட் வந்ததும் அதுவாப் பேசும்."

எஞ்சின் குகைக்குள் நின்றிருந்தது. கணவர் இறந்த அன்றைக்குக் குகை வாசலில் அவர் விழுந்தபோது உள்ளே போய்க்கொண்டிருந்த வண்டி, கரன்ட் நின்றதும் அங்கேயே நின்றுவிட்டது. குகை என்பது மண்மேட்டுக்குள் சிமென்டு வைத்துப் புதைத்த வளைந்த குழாய். கை எட்டாது. கம்பி விட்டு இழுத்தால் வண்டி தடம் புரண்டு குழாய்க்குள் குறுக்கே சிக்கிக்கொள்ளும், அப்புறம் மேட்டையே உடைத்தாலும் எஞ்சின் உருப்படியாக வராது என்றார் சிக்னல் அண்ணன். பேசாமல் அவர் காலை ஊன்றி எழுந்து வருகிறவரை காத்திருக்கலாம்தான். ஆனால் மேற்கே மதியத்திலிருந்தே வானம் கறுத்துக்கொண்டு நின்றது. மழை பெய்தால் அந்தக் குழாய் நிறையும். மழை வரும் என்று தெரிந்தால் கணவர் சாப்பாட்டை விட்டு எழுந்து போய் எஞ்சினை எடுத்து வருவார், அது அவளுக்குத் தெரியும். தண்ணீர் பட்டால் பலகை போய்விடும். பலகை போனால் குரலும் போய்விடும்.

அதனால்தான் மூட்டுவலி, பக்கவாத நோயாளிகளுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட், விடுப்புச் சொல்லிவிட்டு, செம்பருத்திச் செடிக்குக் கீழே முட்டிபோட்டு மீட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

வழி ஒன்றும் கஷ்டமில்லை. குகைக்குள் நிற்கிற எஞ்சினின் பலகை மீட்டரின் துளிக் கரன்ட்டை உள்ளே விடாது, அதனால் அது கணக்கில் சேராது. தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கிற தகடுகளில் சின்னத் திருகாணி உண்டு. அதைத் தளர்த்தித் தகட்டை நகர்த்தினால் அந்த இடத்தில் தொடர்பு அறுந்துவிடும். பாதையை நடுவில் அறுத்து இரண்டு பக்கமும் மீட்டர் வைத்தால் கோளாறு எந்தப் பாதியில் என்று தெரியும். பிறகு அந்தப் பாதியில் பாதி, அதிலும் பாதி. "வெட்டிக்கிட்டே வாங்கம்மா, ஒளிய இடமில்லாமப் போயிடும் அதுக்கு" என்று சிக்னல் அண்ணன் உற்சாகப்படுத்தினார்.

தொட்டி அருகே அறுத்தாள். வீட்டுப் பக்கம் எண் வந்தது. செம்பருத்தியடியில் அறுத்தாள். மறுபடி வீட்டுப் பக்கம். இப்படியே வெட்டி வெட்டிச் சமையலறைப் படியருகே வந்தபோது, இரண்டு பக்கமும் அறுபட்ட ஒரு துண்டு, கை நீளம்கூட இருக்காது, அவள் முன்னால் தனியாகக் கிடந்தது. நத்தை இல்லை, இலை இல்லை, எறும்புகூட இல்லை. காலையில் அவள் பாலிஷ் போட்டுத் தேய்த்த பித்தளை பளபளவென்று இருந்தது. மீட்டரை வைத்தாள். எண் வந்தது, ஏறி இறங்கியது.

"அந்தத் துண்டைத் தூக்கிப் படியில வெச்சுப் பாருங்க."

தூக்கிப் படியில் வைத்துப் பார்த்தாள். கோடு. வெறும் கோடு. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "போயிடுச்சுண்ணா! கோடுதான் வருது!" என்று கூவினாள். கீழே எதுவோ ஈரமண் ஒட்டியிருந்திருக்கிறது, அவ்வளவுதான். இதற்குப் போய் இவ்வளவு கூத்தா? துண்டு கிடந்த இடத்துக்குத் திரும்பி வந்து, ஒரு திருப்திக்காகப் பக்கத்துத் துண்டில் மீட்டரை வைத்தாள்.

எண் வந்தது.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அந்தத் துண்டை அளந்திருந்தாள். அப்போது அதில் கோடுதான் வந்தது. அவள் அதைச் சொன்னபோது சிக்னல் அண்ணன் "சரியா அழுத்தியிருக்க மாட்டீங்க" என்றார். அவர் குரலில் உற்சாகம் குறைந்திருந்தது. அவள் அழுத்தித்தான் வைத்திருந்தாள். அழுத்துவதுதான் அவள் தொழில்.

வெளிச்சம் மஞ்சளாக மாறி, மதிலின் நிழல் தண்டவாளத்தின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் இடி ஒன்று சோம்பலாக உருண்டு போனது. பித்தளைப் பாலிஷ் வாசனையும் வறண்ட மண் மழைக்கு ஏங்குகிற வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. அதற்கும் அடியில், அவள் சேர்த்துக்கொள்ள விரும்பாத இன்னொரு வாசனை இருந்தது. கண்ணாடி தேய்க்கும்போது ஊற்றுகிற தண்ணீரின், வெள்ளைக் குழம்பு படிந்த அந்த ஈரமான சுண்ணாம்பு வாசனை. அவர் சட்டையில் வருவது. சட்டைகளையெல்லாம் துவைத்து மடித்து வைத்தாகிவிட்டது.

அவருடைய மேசை இழுப்பறையில் பழைய மீட்டர் ஒன்று இருந்தது, முதலைவாய்க் கிளிப் வைத்தது. ஏன் அதைத் தேடிப் போனாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. கிளிப்புகளைத் தொட்டிக்கு வீட்டுப் பக்கத்துத் தண்டவாளத்தில் மாட்டி, மீட்டரைத் திரை தெரியும்படி நிறுத்தி வைத்தாள். அங்கே நின்றிருந்தவரை அதில் எண் ஓடியது. பிறகு தொட்டியின் மறுபக்கம், அறுபட்ட இணைப்பைத் தாண்டிப் போய், புது மீட்டரின் முனைகளைத் தண்டவாளத்தின்மேல் கல் வைத்து அழுத்தி நிறுத்தினாள்.

புதியதில் எண் வந்தது. திரும்பிப் பார்த்தாள். பழையதில் கோடு.

திரும்பி நடந்தாள். பழையதில் எண் எழுந்தது. எட்டிப் புதியதைப் பார்த்தாள். கோடு.

மறுபடி. மறுபடியும்.

கோளாறு பாதையில் எந்த இடத்திலும் இல்லை. அவள் எங்கே முட்டிபோடுகிறாளோ அங்கே அவளுக்கு எதிரில் இருந்தது. அவள் எழுந்தால் அதுவும் எழுந்து கூடவே வந்தது. காலையிலிருந்து அவள் அதை வெட்டி வெட்டி ஒரு மூலைக்குத் துரத்தியதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அது அவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்திருக்கிறது.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஒண்ணு பண்ணலாம். எல்லா இணைப்பையும் அறுத்துடுங்க. கண்ட்ரோலரைத் தூக்கிட்டுக் குகை வாசலுக்கே போயிடுங்க. அந்தத் துண்டுக்கு மட்டும் நேரா கரன்ட் கொடுங்க. வீட்டுப் பக்கம் என்ன இருந்தா நமக்கென்ன?"

வீட்டுப் பக்கம் இல்லை என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் அவர் போனை வைத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. தோட்டத்தில் வேறு மனிதக் குரல் இல்லை.

மோட்டார் அறையிலிருந்து கரன்ட் எடுத்துக் கண்ட்ரோலரைக் குகை வாசலில் ஒரு செங்கல்மேல் வைத்தாள், பழைய மீட்டரின் கிளிப்புகளையும் அந்தத் துண்டில் மாட்டினாள். கணவர் விழுந்து கிடந்த இடம் அதுதான். ஜல்லி அங்கே கொஞ்சம் அமுங்கியிருந்தது, யாரும் சரிசெய்யவில்லை. ஒயரை மாட்டி, வண்டி பின்னோக்கி வரும்படி குமிழைத் திருப்பினாள். பச்சை விளக்கு கண் சிமிட்டும் நேரம் எரிந்தது. கரன்ட்டை நிறுத்திக்கொண்டு சிவப்பாக மாறியது.

"சிவப்புண்ணா."

"கொஞ்சம் பொறுங்க, அது தானா மறுபடி முயற்சி பண்ணும்."

பச்சை. சிவப்பு.

"மீட்டர்ல எவ்வளவு காட்டுது?" என்று கேட்டார். சொன்னாள். அவர் யோசித்தார். "அது... அது ஒரு ஈரமான கை ரெண்டு தண்டவாளத்தையும் பிடிச்சா காட்டுற அளவும்மா. ஆனா அவ்வளவு லேசாப் பட்டா கண்ட்ரோலர் நிக்காதே. கரன்ட் இல்லாதப்ப லேசாத் தொடுது, கரன்ட் வந்தா இறுக்கிப் பிடிக்குது. அப்படி எதும்மா இருக்கு உலகத்துல?"

அவளுக்குத் தெரியும். தினமும் பார்க்கிறாள். பக்கவாதம் வந்தவர்களின் கையில் பட்டை ஒட்டி லேசான கரன்ட் கொடுப்பார்கள். கொடுத்ததும் தசை சுருங்கும். விரல்கள் மூடிக்கொள்ளும்.

அன்றைக்கு அவள் வேலையிலிருந்து வந்தபோது அவர் இங்கே ஒருக்களித்துக் கிடந்தார். வலது கை தண்டவாளத்தின் குறுக்கே, கட்டைவிரல் ஒரு பக்கத்திலும் மற்ற விரல்கள் மறுபக்கத்திலுமாக இறுகப் பற்றியிருந்தது. எழுந்திருக்கப் பிடித்தாரோ, வண்டியை நிறுத்தப் பிடித்தாரோ. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அந்தக் கையைப் பிய்த்தெடுத்தார்கள். "இழுக்காதீங்க, நான் எடுக்கறேன், எனக்குத் தெரியும்" என்று அவள் கத்தினாள். அவளை இரண்டு பேர் அப்பால் கூட்டிக்கொண்டு போனார்கள். ஊரார் கையையெல்லாம் பிரித்து நீவிவிடுகிறவளுக்குத் தன் புருஷன் கையைப் பிரிக்கக் கொடுத்து வைக்கவில்லை.

துணியை எடுத்தாள். பித்தளையின்மேல் வைத்துக் குகை வாசலிலிருந்து தன் பக்கமாக மெதுவாக இழுத்தாள். துணி வழுக்கிக்கொண்டு வந்தது. வந்தது. நின்றது.

எதிரில் ஒன்றுமில்லை. பித்தளை. ஜல்லி. துணி மட்டும் எதிலோ முட்டி மடிந்திருந்தது.

"அம்மா?"

துணியை விட்டுவிட்டு விரலை வைத்தாள். சில்லென்று இருந்தது. ஈரம். எலும்பு. ஒரு கணு, அடுத்த கணு. நடுவிரலின் கணுவுக்குக் கீழே குறுக்காக ஒரு தழும்பு. கண்ணாடி அறுத்த தழும்பு. எத்தனையோ வருடங்கள் தூக்கத்தில் அவள் பெருவிரல் தானாகத் தடவிக்கொண்டிருந்த தழும்பு.

கத்த வேண்டும் என்று தோன்றியது. வாய் திறந்தது. வந்தது சத்தம் இல்லை, அழுகை. எழுந்து ஓடு என்று கால்கள் கெஞ்சின, ஆனால் கை மட்டும் அந்தக் குளிர்ந்த கணுக்களை விட மறுத்தது. எத்தனை நாளாயிற்று. "இங்கேயா இருக்கீங்க?" என்று கேட்டாள். "இத்தனை நாளா இங்கேயேவா இருக்கீங்க?"

"யார்கிட்டம்மா பேசறீங்க?" என்றது போன்.

முதல் துளி கண்ட்ரோலரின்மேல் விழுந்து உடைந்தது. அடுத்தது அவள் பிடரியில். குகைக்குள் இருட்டில் எங்கேயோ எஞ்சின் நின்றுகொண்டிருந்தது. அதற்குள் ஒரு பலகை. அதற்குள் ஒரு நாள் முழுக்கத் திக்கித் திக்கி அவளுக்காகச் சொன்ன ஏதோ ஒன்று. கை இங்கே இருக்கிறவரை அது பேசாது. கையைப் பிரித்தால் கை போய்விடும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதைக் கேட்பாள் ஒரு பெண்? அவள் கையைத் தொட்டாகிவிட்டது. குரல் வேண்டும். ஒரே ஒரு முறை. கேட்டுவிட்டால் மறக்க மாட்டாள், காதிலேயே வைத்துக்கொள்வாள்.

இறுகிய கையை விரலைப் பிடித்து இழுத்துப் பிரிக்கக் கூடாது. இழுத்தால் இன்னும் இறுகும். மணிக்கட்டைக் கண்டுபிடித்தாள், காற்றில், அது இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. அதை மெல்ல உள்பக்கமாக மடக்கினாள். மணிக்கட்டு மடங்கினால் விரல்கள் தாமாகத் தளரும். கட்டைவிரலின் நுனியைத் தொடாமல், அடிச்சதையைப் பிடித்து வெளியே நீவினாள். சுண்டுவிரல் தளர்ந்தது. பிடி தளரத் தளர ஏறுகிற எண் மீட்டரில் ஏறியது. மோதிரவிரல். எண் இன்னும் ஏறியது. நடுவிரல் நடுங்கிக்கொண்டு நின்றது, விட மனமில்லாமல். பயந்த நோயாளிகளின் விரல் அப்படித்தான் நிற்கும். பிடியை விட்டால் விழுந்துவிடுவோம் என்று அவர்களுக்குப் பயம். ஒரு நாளில் எத்தனை பேரிடம் சொல்கிறாளோ, அந்த வார்த்தை யோசிக்காமல் அவள் வாயில் வந்தது.

"பயப்படாம விடுங்க," என்றாள். "நான் பிடிச்சுக்கிறேன்."

விட்டார்.

மீட்டரில் கோடு நின்றது. வெறும் கோடு. கண்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. குகைக்குள் ஒரு முனகல் எழுந்து சக்கரங்களின் தடதடப்பாக மாறியது. குழாயின் வளைவில் வெளிச்சம் ஊர்ந்து வந்தது.

"வருதுண்ணா! வருது!"

அப்போதுதான் கவனித்தாள். தண்டவாளத்தை விட்ட கை போகவில்லை. அவள் கைக்குள் இருந்தது. விரல்களுக்கிடையில் விரல்களைக் கோத்துக்கொண்டிருந்தது. பிடித்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னாள் இல்லையா. அவர் நம்பிவிட்டார்.

பச்சை எஞ்சின் வெளியே வந்தது. அதன் அடியிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். பிறகு குரல்.

"வி... வி... வி..."

அவர் குரல். அவரேதான். மூக்கில் லேசாக ஏறுகிற, ஒவ்வொரு சொல்லின் வாசலிலும் நின்று தயங்குகிற அந்தக் குரல். மறந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தாள். மறக்கவில்லை. திக்கும்போது அவருடைய சொல்லை அவள் ஒரு நாளும் முடித்து வைத்ததில்லை. எல்லோரும் முடித்து வைப்பார்கள், அவள் காத்திருப்பாள். அதற்காகத்தான் அவர் அவளைக் கட்டிக்கொண்டதாகவே சொல்வார். இப்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அம்மா," என்றார் சிக்னல் அண்ணன். "அது என்னது? நாங்க பதிஞ்சது அது இல்லம்மா. 'கதவைத் திற, நான் வந்துட்டேன்'னுதான் பதிஞ்சோம். 'வி'ன்னு ஆரம்பிக்கிற ஒரு சொல்லே அதுல கிடையாதும்மா."

கை அவள் கையைக் கீழே அழுத்தியது.

மெதுவாக. பலமாக இல்லை. ஆனால் நிற்கவில்லை. அவள் இழுத்தாள். இழுத்தால் இறுகும் என்று அவளுக்கே தெரியும். இறுகியது. அவள் விரல்கள் ஒரு தண்டவாளத்தில் பட்டன. கட்டைவிரல் மற்றதில் பட்டது. மேலே அந்தக் கை மூடிக்கொண்டது.

சிவப்பு.

எஞ்சின் அவள் முகத்துக்கு நேரே நின்றது. விளக்கு அணைந்தது. குரல் பாதியில் அறுந்தது.

"அங்கிருந்து வந்துடுங்கம்மா! உள்ள போங்க!" என்றது போன். மழை அதன்மேல் இறங்கியது. குரல் கொரகொரத்து நின்றுவிட்டது.

பச்சை. "வி... வி..." கை இறுகியது. சிவப்பு.

விடு என்று சொல்ல வருகிறாரா? விடாதே என்று சொல்ல வருகிறாரா? அந்த ஒரு எழுத்தைத் தாண்ட முடிந்தால் தெரிந்துவிடும். தாண்ட விடாமல் அறுப்பது அவள் கை. அவள் கையைப் பிடித்திருப்பது அவர் கை.

பச்சை. "வி... வி... வி..." சிவப்பு.

மழை வலுத்தது. துளிகள் ஜல்லியில் விழுந்து தெறித்தன, தண்டவாளத்தில் விழுந்து தெறித்தன. அவள் கைமேல் மட்டும் விழவில்லை. ஒரு விரல் உயரத்தில் அந்தரத்தில் நின்று, உருண்டு, வழிந்தன. கணு தெரிந்தது. மணிக்கட்டு தெரிந்தது. முழங்கை. தோள். ஜல்லி அமுங்கிய இடத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்த ஓர் உடம்பின்மேல் மழை மெல்லப் படர்ந்து, அதன் வளைவுகளையெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்குக் காட்டிக்கொண்டே மேலேறியது. கழுத்து. காது. அவள் பக்கம் திரும்பியிருந்த முகம்.

அவள் முட்டிபோட்டபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழைநீர் அந்த முகத்தில் ஒரு குழிக்குள் இறங்கி நிறைந்தது. குழி அசைந்தது. ஒரு சொல்லுக்காகத் திறந்து, மூட முடியாமல், மறுபடி மறுபடி அதே எழுத்துக்குத் துடித்துக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது.